தவிட்டுக்கு வாங்கிய ஆல்பிரட்

என் தம்பியின் பெயர் ஆல்பிரட். கருப்பட்டிக் கடைக்காரர் மகனுக்கு, சுடலைமாடனைக் குலசாமியாகக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். நீங்கள் வேதக்காரர்களா, கிறிஸ்தவர்களா என்பார்கள். இல்லை என்றால், அப்பா வெள்ளைக்காரக் கம்பெனியில் இருந்தாரா என்பார்கள். அப்பா ஒருத்தனிடமும் கைகட்டி நின்றவர் இல்லை. இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். பதில் நீளமானது, கேட்டவர்களுக்குப் பாதியிலேயே பஸ் வந்துவிடும். எழுதினால் அந்தத் தொந்தரவு இல்லை.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் பேச்சுத் திருந்துமுன் போய்விட்டன. காய்ச்சல் வரும், கை கால் இழுக்கும், அவ்வளவுதான். மாந்தம் என்று சொல்லிவிட்டு வைத்தியர் எழுந்து போவார். நான் மட்டும் எப்படித் தப்பினேன் என்பதற்கு ஒரு அத்தை காரணம் கண்டுபிடித்தாள். "பொட்டப்பிள்ளைய எமன்கூட எடுக்கமாட்டான்ளா" என்றாள், என் காதுபட. அந்த அத்தை வீட்டில் நான் அதற்குப் பிறகு பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை.

யுத்தக் காலத்தில் மூன்றாவது ஆண் பிள்ளை பிறந்தது. இதையாவது தக்கவைக்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். சுளகில், அதுதான் முறத்தில், போட்டுப் பின்வாசல் வழியாகக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கை தவிடு வாங்க வேண்டும். அந்தத் தவிட்டில் அடை தட்டிப் பெற்றவள் தின்ன வேண்டும். தின்றுவிட்டால் விற்றது விற்றதுதான். பிள்ளை நம் வீட்டிலேயே வளரும், பால் நாம்தான் கொடுப்போம். ஆனால் வாங்கினவள் வைப்பதுதான் பெயர். பெற்றவள் வாயில் "என் பிள்ளை" என்ற சொல் வரக் கூடாது. பிள்ளையும் வாங்கினவளைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும். அந்த வீட்டில் எடுக்கப் பிள்ளை இல்லை என்று எமன் திரும்பிப் போய்விடுவானாம். கண்டம் தாண்டி வளர்ந்த பிறகு, குலசாமி முன்னால் வைத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு அம்மா தேர்ந்தெடுத்தது சுவருக்கு அந்தப் பக்கத்து அக்காவை. கடற்கரைக்காரி, வேதக்காரி. ஒரு வெள்ளாடு வைத்திருந்தாள், அதனால் தவிடு இருக்கும். பிள்ளை கிடையாது. அம்மாவின் கணக்கு வேறு. நம் சனத்துக்குள் விற்றால் எமன் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவான், வேறு வேதத்துக்குள் போய்விட்டால் அவனுக்கு அங்கே அதிகாரம் கிடையாது என்று நினைத்திருக்கிறாள். எமனையே ஏய்க்கப் பார்த்தவள் என் அம்மா.

அன்றைக்கு நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்கா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, மாதா கோயிலுக்குப் போகிறவளைப்போல முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். அம்மா சுளகை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள், தவிட்டைக் கொடுத்தாள். எல்லாரும் பெயருக்காகக் காத்திருந்தோம். இப்படி வாங்கின பிள்ளைக்கு வைக்கிற பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி. கேட்ட மாத்திரத்தில் இது யாருக்கும் வேண்டாத சரக்கு என்று தோன்ற வேண்டும். அக்கா பிள்ளையின் காதில் குனிந்து சொன்னாள். பிறகு எங்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆல்பிரட்."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "என்னக்கா பேரு இது, தொரைமாரு பேரு மாதிரி? குப்பைனு வைங்கக்கா" என்றாள்.

"பச்சப்பிள்ளையக் குப்பைங்கவா? எனக்கு வாய் வராதுளா" என்றாள் அக்கா. "இந்தப் பேரை எம்புட்டுக் காலமா வச்சிருக்கேன் தெரியுமா?"

அந்தக் கதையை அப்புறம் சொன்னாள். அக்கா வீட்டுக்காரருக்குத் தோணியில் வேலை. அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வராது, ஆழம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியெல்லாம் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். கல்யாணமான புதிதில் அப்படிப் போனபோது, அவர் கப்பலுக்கும் தோணிக்கும் நடுவில் விழுந்துவிட்டார். அலை தள்ளினால் நசுங்கிச் சாக வேண்டியதுதான். மேலிருந்து ஒரு வெள்ளைக்கார மாலுமி கயிற்றைப் பிடித்து இறங்கி, அவர் தலைமயிரைப் பற்றித் தூக்கிவிட்டான். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்தப் பெயர் ஒன்றைத்தான். மறுநாள் கப்பல் போய்விட்டது. பிறக்கிற முதல் பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் நேர்ந்துகொண்டார்கள். பிள்ளைதான் பிறக்கவில்லை.

தன் பிள்ளைக்கு என்று எடுத்து வைத்திருந்த பெயரை அவள் எங்கள் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள். அது எனக்கே விளங்கிற்று. ஆனால் அம்மாவுக்கு அதைப் பற்றியெல்லாம் நினைக்க அன்றைக்கு மனசில் இடமில்லை. தவிட்டு அடையை அழுதுகொண்டே தின்றாள்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். கப்பல் கம்பெனி கிளார்க் ஒருவர் எங்கள் கடையில்தான் கருப்பட்டி வாங்குவார். அவரிடம் போய் இந்தப் பெயரைப் பற்றி விசாரித்திருக்கிறார். அவர் யோசிக்காமல், "பெரிய பேருல்லா அண்ணாச்சி! ஆயிரம் வருசத்துக்கு முன்னால இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பேருல ஒரு ராஜா இருந்தாரு. அவரை மாதிரி ஒருத்தர் இல்லைன்னு சொல்லுதாவ" என்று அள்ளிவிட்டார். அப்பா அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னார்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ராஜா பேரு வச்சு, வாசல்ல கொட்டடிச்சு எமனைக் கூப்பிட்டாச்சு" என்றாள். ஒரு கிழமை பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. பெயரை மாற்றச் சொல்லவும் வழியில்லை. வாங்கினவள் வைத்த பெயர்.

அந்தக் கிளார்க்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சிரத்தையான மனுஷர். தெரிந்ததோடு விடாமல், வீட்டில் இருந்த பெரிய அகராதியின் பின்பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அடுத்த முறை வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. நான் கடையில் ஓலைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கப்பிடாது. அந்தப் பேருக்கு அர்த்தம் பாத்தேன். அது ரெண்டு வார்த்தை. எல்ஃபு, ரெட்டு. ரெட்டுன்னா யோசனை, புத்திமதி."

"நல்லதுதான? எல்ஃபுன்னா?"

"அதான்… நம்ம குட்டிச்சாத்தான் மாதிரி ஒண்ணு. காட்டுல, மலையில கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது. குட்டிச்சாத்தான் சொன்ன யோசனைன்னு வருது."

அப்பா தராசைக் கீழே வைத்துவிட்டார். கிளார்க் அவரைத் தேற்றுவதற்காக மேலே சொல்லிக்கொண்டே போனார். அந்த ஜனங்கள் கிறிஸ்தவர்கள் ஆவதற்கு முன்னால் அவர்களுக்கும் இப்படிச் சின்னச் சாமிகள் ஊருக்கு ஊர் இருந்தனவாம். அவற்றின் தயவு பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று பெயரோடு சேர்த்து வைப்பார்களாம். அப்புறம் கடல் தாண்டி வேறொருத்தன் படையோடு வந்து அவர்களை ஜெயித்துவிட்டான். வந்தவன் பெயர்களே மதிப்பு என்று ஆகி, பழைய பெயர்களை விட்டுவிட்டார்கள். ஆல்பிரட் ஏறக்குறைய செத்தே போயிற்று. ஐந்தாறு நூற்றாண்டு கழித்து, நம் பழைய பெயர் இதுவல்லவா என்று யாரோ தேடி எடுத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு ஒரே ஓட்டம்.

"எங்க ஆபீசுல தாத்தன் காலத்து தொரைமாருல பாதிப் பேரு ஆல்பிரட்தான். இப்ப அங்கன சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவா வைக்கதில்லையாம். தாத்தாமாரு பேரா ஆயிட்டு" என்றார்.

அப்பா அதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். "வெள்ளைக்காரனையும் ஒருத்தன் வந்து ஆண்டிருக்கானா?"

"ஆண்டிருக்கான்."

"பேரெல்லாம் மாத்தியிருக்கான்."

"ஆமா அண்ணாச்சி."

அன்றைக்குக் கிளார்க்குக்குக் கருப்பட்டி நிறுக்கும்போது அப்பா ஒரு வட்டு கூடவே வைத்தார். எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் அப்படி வைத்ததில்லை.

வீட்டில் வந்து அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். குட்டிச்சாத்தான் என்று கேட்டதும் அம்மா நிமிர்ந்தாள். "மெய்யாவா?" என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சுடுகாட்டில் நிற்கிற சாமிக்கு வருஷா வருஷம் பொங்கலிடுகிற எங்களுக்குக் குட்டிச்சாத்தான் ஒரு ஆளா? எமன் கிட்டே வர யோசிக்கிற பெயர். குப்பையைவிட நல்ல பெயர். அம்மா பிள்ளையைத் தூக்கி முதல் தடவையாக "ஏலே ஆல்பிரட்டு" என்று கூப்பிட்டாள்.

சந்தோஷத்தில் அதைச் சுவருக்கு அந்தப் பக்கமும் சொல்லித் தொலைத்தாள். அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சேசுவே, பசாசு பேரா? ஏளா, நான் மாத்தப்போறேன். அந்தோணினு வைக்கேன், சவேரின்னு வைக்கேன்."

"மாத்தப்பிடாதுக்கா. வச்ச பேரு வச்சதுதான்."

"நீதான அன்னைக்கு மாத்துங்கன்னே?"

"அன்னைக்குத் தெரியல. இப்பத் தெரியுதுல்லா."

இரண்டு நாள் சுவருக்கு மேலே அக்கா தலை தெரியவில்லை. அக்கா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, மனுஷன் எப்படி வாழ்கிறானோ அதுதான் அவன் பெயருக்கு அர்த்தம், உன் புருஷனைத் தூக்கிவிட்டவன் பெயரில் பசாசு எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவுக்குக் குட்டிச்சாத்தான், அக்காவுக்கு அந்த மாலுமி. ஒரே பெயரை இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டிய மாதிரி கூப்பிட்டுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் எல்லாப் பெயரும் இப்படித்தான் நிலைக்கிறது போலிருக்கிறது.

பிறகு விற்ற பிள்ளையை வளர்க்கும் சிரமம் ஆரம்பித்தது. கூடையோடு வருகிற மீன்காரம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெருவுக்கே தெரியும். இருந்தாலும் வேண்டுமென்றே கேட்பார்கள், "இது யாரு பிள்ளை, தாயி?" என்று. தன் பிள்ளை இல்லை என்று எமன் காதுபட அம்மா தன் வாயால் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுப்பது ஊர் செய்கிற உதவி. "அக்கா பிள்ளை. நான் சும்மா வளக்கேன்" என்பாள் அம்மா, பாலூட்டிக்கொண்டே. தம்பிக்குப் பேச்சு வந்ததும் பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கினார்கள். அவன் முதலில் சித்தி என்று கூப்பிட்ட அன்றைக்கு அம்மா அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. புகை என்றாள். அடுப்பே எரியவில்லை.

அக்கா உரிமைக்காரியாகவே நடந்துகொண்டாள். "என் பிள்ளை ஏன் மெலிஞ்சிருக்கு? என்னத்தளா குடுக்கே?" என்று சுவருக்கு மேலிருந்து சண்டை பிடிப்பாள். அம்மாவும் குற்றவாளி மாதிரி பதில் சொல்லுவாள். எனக்கு எரிச்சலாக வரும். என்னை யாரும் தவிட்டுக்குக்கூட வாங்கவில்லை, எனக்காகச் சண்டை போடவும் சுவரில் தலை இல்லை.

அவனுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது, மற்ற இரண்டு பேருக்கும் வந்த அதே வயதில். மத்தியானம், வெயில் கொளுத்துகிறது. கண் மேலே சொருகி, கை இழுக்க ஆரம்பித்தது. அப்பா வைத்தியரைக் கூப்பிடவா, மாடனுக்கு நேரவா என்று செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். அம்மா பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதால் பெற்றவள் என்று எமனுக்குத் தெரிந்துவிடும். "அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னாள், யாரையும் பார்க்காமல். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். வேறு எதையும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. அவள் கண் காய்ந்து கிடந்தது.

நான் சுவரேறிக் குதித்து அக்காவைக் கூப்பிட்டு வந்தேன். வந்தவள் மார்பில் அறைந்துகொண்டு அழுதாள், "என் பிள்ளை, என் ராசா" என்று. அம்மா அழ வேண்டிய அழுகை முழுவதையும் அவள் அழுதாள். அழுதுகொண்டே பிள்ளையை வாரித் தோளில் போட்டாள்.

"எங்கன தூக்கிட்டுப் போறீய?" என்றார் அப்பா.

"ஆஸ்பத்திரிக்கு."

"வைத்தியர் வரட்டும்…"

"ரெண்டைப் பாத்த வைத்தியர்தான? எனக்கு இருக்கது ஒண்ணுதான். என் பிள்ளை, நான் கொண்டுபோறேன்."

அப்பா வழிவிட்டார். முறைப்படி அது அவள் பிள்ளை. சந்துக்குள் வெறுங்காலோடு ஓடினாள். அம்மா பின்னால் போகவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் அக்கா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி வந்தாள். தாடி வளர்ந்த கிழவனைப்போல வதங்கியிருந்தான். ஆனால் கண் முழித்துப் பார்த்தான். எங்கள் கடைக் கருப்பட்டி வேண்டும் என்றான்.

பள்ளிக்கூடத்தில் போடும் வயது வந்தது. யுத்தம் முடிந்திருந்தது. கண்டம் தாண்டியாயிற்று, மீட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா நாளெண்ணிக் காத்திருந்ததும் அதற்குத்தான். தேரிக்காட்டுக்குள் செம்மண்ணில் எங்கள் சாமி நிற்கிறது. பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் கரியில் ஓடுகிற பஸ் ஒன்றில், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அக்காவும் வந்தாள். அவள் கையால் கொடுத்தால்தான் செல்லும்.

பூசாரி கேட்டார், "யாரு பிள்ளை இது?"

அக்கா தம்பியைத் தூக்கி அம்மா கையில் கொடுத்து, "இவ பிள்ளை" என்றாள். சத்தம் சரியாக வந்தது.

பூசாரி அம்மாவைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார். இத்தனை வருஷம் பூட்டிவைத்த வாய். முதலில் உதடுதான் அசைந்தது. பிறகு, "என் பிள்ளை. என் பிள்ளை சாமி" என்றாள். பனங்காடு முழுக்கக் கேட்டிருக்கும். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பழைய பெயரை அங்கேயே விட்டுவிட வேண்டும். சாமி பெயரையே அவனுக்கு வைத்தார்கள். அக்காவுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் அத்தை, அதே அத்தைதான், தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இனி இவதாம்லே உனக்கு அம்மா. அம்மானு கூப்பிடு, பாப்போம்." அவன் அக்காவைத்தான் பார்த்தான். அக்கா, "கூப்பிடு ராசா" என்றாள். "அம்மா" என்றான் அம்மாவிடம், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அம்மா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுச்சேலை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை மடிப்பைத் தடவிக்கொண்டே வந்தாள். உப்பளங்கள் தெரிய ஆரம்பித்தபோது, யாரிடம் என்றில்லாமல், "பேரை அங்கனயே விட்டுட்டு வந்தாச்சு, என்ன?" என்றாள். அம்மா அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்து இறங்கியதும் அக்கா தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா கால்கூடக் கழுவவில்லை. சுளகை எடுத்தாள். ஆறு வயதுப் பிள்ளை சுளகில் எப்படிக் கொள்ளும்? சுளகை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சுற்றி, அக்கா வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

அக்கா முற்றத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா சுளகைத் தரையில் போட்டு அதன்மேல் தம்பியை நிறுத்தினாள்.

"தவிடு போடுங்கக்கா."

"ஏளா, உனக்குக் கிறுக்கா? கண்டமெல்லாம் போயிட்டே. இன்னைக்குத்தான திருப்பி வாங்குனே?"

"வாங்கினேன். என் வாயால ஒரு தடவை சொல்லிட்டேன், சாமிக்கும் கேட்டுட்டு. அது எனக்குப் போதும். அன்னைக்கு எமனுக்குப் பயந்து வித்தேன்க்கா. இன்னைக்கு எனக்குப் பயம் ஒண்ணும் கிடையாது. உங்க பேரோட சேத்து எடுத்துக்கோங்க."

அக்கா ஆட்டின் பக்கம் திரும்பினாள். ஆட்டுத் தொட்டிக்குள் கையை விட்டு, ஊறின தவிட்டை அப்படியே அள்ளி அம்மா கையில் வைத்தாள். பாதி தரையில் சிந்திற்று. பிறகு தம்பியைக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவுக்கும் பெரியவர்களுக்கும் கோபம். சாமி குத்தம் என்றார்கள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஈரத்தவிட்டில் அரிசிமாவு கலந்து அடை தட்டினாள். முதல் தடவை அழுதுகொண்டே தனியாகத் தின்றவள், இந்த முறை பாதியைப் பிட்டு என் கையில் கொடுத்தாள். "நீயும் தின்னு. உனக்கும்தான அவன் தம்பி?" என்றாள். உப்புப் போதவில்லை. ஆனால் எனக்கு அதைப்போல ஒன்றை யாரும் அதுவரை தந்ததில்லை.

தின்றுகொண்டிருக்கும்போது சுவருக்கு மேலே தம்பியின் தலை தெரிந்தது. அக்கா அந்தப் பக்கமிருந்து அவனைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

"சித்தி, எனக்கு?" என்றான்.

அம்மா ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், தன் பங்கில் ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி ஆற்றி, அவன் வாயில் வைத்தாள்.

"தின்னுலே, ஆல்பிரட்டு" என்றாள்.